பவுல் அம்பர்நாத்துக்குத் திரும்பவில்லை

நான் பொய் சொன்னேன். பிள்ளைகளிடம் சொன்னேன். ஆலயத்துக்குள் வைத்து, வேதத்தைப் பற்றியே சொன்னேன்!

அப்போஸ்தலனாகிய பவுல் திரும்பிப் போன ஓர் ஊருக்கு, அவர் திரும்பிப் போகவே இல்லை என்று சொன்னேன். அவர் நடக்காத வழியில் அவரை நடக்க வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். வாய் தவறி வந்ததல்ல. தெரிந்தே சொன்னேன்.

முகத்தைச் சுளிக்கிறீர்கள்... சுளியுங்கள். உங்கள் முன்னால் முழங்காலில் நின்று மூக்கைச் சிந்துவேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பொய்க்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. நாளைக்கே அதே நிலைமை வந்தால் அதே பொய்யை இன்னும் சத்தமாகச் சொல்லுவேன்.

பிறகு எதற்கு இந்த வாக்குமூலம் என்கிறீர்களா? பொறுங்கள். அதற்குத்தான் வருகிறேன்.

தாராவியில் எங்கள் தமிழ்ச் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் நான் டீச்சர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து வேதக் கதை சொல்லுவது என் வேலை. மற்ற நாட்களில் மாட்டுங்காவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். அங்கே என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. "ஏ மாவ்ஷி, ஜல்தி கரோ" என்பார்கள். யாரோ ஒரு சித்தி, சீக்கிரம் ஆகட்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் நான் நடந்தால், மீசை வைத்த ஆண்பிள்ளைகள்கூட "தோத்திரம் டீச்சர்" என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. எதை இழந்துவிடுவோமோ என்று எனக்குப் பயம் இருந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பவுலின் பயணங்களைச் சொல்லிக்கொடுப்பது லேசுப்பட்ட காரியமா? கப்பலேறியும் கால்நடையாகவும் ஊர் ஊராக இயேசுவின் செய்தியைச் சுமந்துபோன மனிதர் அவர். கதை நல்ல கதைதான். ஆனால் அந்த ஊர்ப் பெயர்கள்! இக்கோனியா, லீஸ்திரா, தெர்பை... சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் கொட்டாவி விடும். மீதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வடாபாவ் வண்டியைப் பார்க்கும்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆலயத்தின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போடுவேன். அதுதான் மும்பை லோக்கல் ரயிலின் சென்ட்ரல் லைன். பவுல் புறப்பட்ட ஊரான அந்தியோகியா, சயான் ஸ்டேஷன். இக்கோனியா, கல்யாண். லீஸ்திரா, அம்பர்நாத். தெர்பை, பத்லாப்பூர். பிள்ளைகள் ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துக்கொண்டு கோட்டின்மேல் ரயிலாக ஓடும். "அக்லா ஸ்டேஷன்... லீஸ்திரா!" என்று முன்னால் நிற்கிற பொடியன் கத்துவான். நான் டி.சி.யாக நின்று டிக்கெட் கேட்பேன். வசனம் சொன்னால்தான் இறங்க விடுவேன்.

சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் சபைப் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பவுலின் வழியை ஒரு ஊர் விடாமல் சொல்லும்!

லீஸ்திராவுக்கு அம்பர்நாத் என்று பெயர் வைத்தபோது நான் யாரையும் மனதில் வைத்துக்கொண்டு வைக்கவில்லை. கல்யாணைத் தாண்டினால் எல்லாருக்கும் தெரிந்த ஸ்டேஷன் அது, அவ்வளவுதான். அங்கிருந்து ஒரு குழந்தை வந்து என் வகுப்பில் நிற்கும் என்று நான் கண்டேனா?

வந்தாள். பெர்சி என்று பெயர். அவளுடைய அம்மா லீலா எங்கள் சபையில் வளர்ந்தவள். அம்பர்நாத்தில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அவள் ஒரு கண் வீங்கி மூடிக்கிடக்க, ஒரு கையில் பையும் மறு கையில் பெர்சியுமாக அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணனுக்கோ ஒற்றைக் கோலி, ஒரே ஓர் அறை. அதில் அவன் மனைவி, மக்கள், இப்போது இவர்களும்.

கண் வீக்கம் வற்றுவதற்குள் சபையில் பேச்சு தொடங்கிவிட்டது. அவள் புருஷன் வந்தான். முன்வரிசையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். பெண்கள் லீலாவைச் சூழ்ந்துகொண்டு, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார்கள். அந்தக் கை அணைக்கிற அழகு எனக்கும் தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. போதகரும் சமாதானம் பண்ணி வைக்கப் பார்த்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஒரு குடும்பம் உடையக் கூடாது என்று உண்மையாகவே உபவாசம் இருந்தவர். லீலாவுக்கோ போகவும் பயம், இருக்கவும் கூச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடம் லீஸ்திரா.

கதை உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். லீஸ்திரா ஜனங்கள் முதலில் பவுலைத் தெய்வம் என்று எண்ணி மாலையோடு வந்தார்கள். பிறகு யாரோ தூண்டிவிட, அதே ஜனங்கள் கல்லெறிந்தார்கள். செத்தார் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர் எழுந்தார். மறுநாள் தெர்பைக்குப் போனார். தெர்பையோடு பயணம் முடிந்தது. வீடு திரும்பும்போது வந்த வழியாகவே வந்தார்... அந்த லீஸ்திரா வழியாகவே!

ரயில் பத்லாப்பூரில் நின்றது. எல்லாப் பிள்ளைகளும் திரும்பி நின்று, வந்த வழியே ஓடத் தயாரானார்கள். பெர்சி மட்டும் நகரவில்லை. தரையில் அம்பர்நாத் என்று நான் போட்டிருந்த சாக்பீஸ் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கால்விரல்கள் மடங்கியிருந்தன.

"டீச்சர், அவருக்குக் கல்லெறிஞ்சாங்கல்ல... அவரு வாபஸ் அங்கேயே போனாரா?"

சத்தமே இல்லாமல் கேட்டாள். பவுலைப் பற்றியா கேட்டாள்? நீங்களே சொல்லுங்கள்!

"இல்லட்டி. போகல" என்றேன்.

போன வருஷமும் இந்தப் பாடம் கேட்ட ஒருவன் வரிசையிலிருந்து, "டீச்சர், போன தடவ போனாருன்னு சொன்னிய?" என்றான்.

"இந்தத் தடவ போகலலே! பேசாம நில்லு!"

சாக்பீஸை எடுத்து பத்லாப்பூரிலிருந்து புதிதாக ஒரு கோடு இழுத்தேன். "இங்க பாருங்க. எறங்கி பஸ் புடிச்சி பன்வேல். அங்கேருந்து ஹார்பர் லைன்ல செம்பூர். அப்படியே வீடு!" பெர்சி அந்தக் கோட்டில் ஓடினாள். ஐயோ, அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே! முதல்முறையாக அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சரி, நான் செய்தது பொய்தான். ஆனால் ஒன்று... வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தெர்பைக்குக் கிழக்கே மலைகளைத் தாண்டினால் தர்சு பட்டணம். பவுல் பிறந்த ஊர். அங்கிருந்து அந்தியோகியா எட்டிப்பிடிக்கிற தூரம். நான் இல்லாத வழியைக் கட்டவில்லை. வழி இருந்தது. அவர் அதில் போகவில்லை, நான் போக வைத்தேன். கல்லடி பட்ட மனிதனுக்கு வேறு வழியும் உண்டு என்று ஒரு குழந்தைக்குச் சொன்னது குற்றமா? குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கென்ன!

பெர்சி அதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். லீலாவுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. அடுத்த முறை சமாதானம் பேச வந்த பெண்களிடம், "பவுலே திரும்பிப் போகலயாம். கோயில்ல சொல்லிக்குடுத்ததா எம்மவ சொல்லுதா. நான் மட்டும் எதுக்குப் போவணும்?" என்று கேட்டுவிட்டாளாம். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக வாய்திறந்து மாட்டேன் என்றது.

கேள்விப்பட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. வேலைக்குப் போகிற ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

ஆனால் அந்தப் பேச்சு போதகர் காதுக்கும் போனது. அடுத்த ஞாயிறு, ஆராதனை நடுவில், சபை முழுவதும் நிறைந்திருக்க, அவர் புன்னகையோடுதான் கேட்டார்.

"பெர்சி, எழுந்திரும்மா. லீஸ்திராவுல கல்லெறிஞ்ச பெறகு பவுல் எங்க போனாரு?"

"தெர்பைக்கு, ஐயா."

"அப்புறம்?"

"வீட்டுக்கு. வேற வழியா. வாபஸ் போகல."

சபை சிரித்தது. குழந்தை ஏதோ உளறுகிறது என்கிற சிரிப்பு.

"அப்படி யாரும்மா சொல்லிக்குடுத்தா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்களா சொன்னிய?"

எல்லாத் தலைகளும் என்னை நோக்கித் திரும்பின.

இப்போது வந்துவிட்டோம். இதற்குத்தான் இவ்வளவு நேரம் உங்களை உட்கார வைத்தேன்.

"இல்ல ஐயா" என்றேன். "நான் ஒழுங்காத்தான் சொன்னேன். புள்ள கவனிக்காம இருந்திருப்பா."

சொன்னேன்! இந்த வாயால் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. வகுப்பைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம்... வேதத்தைப் புரட்டுகிறவள் என்ற பெயர்... நாளையிலிருந்து தொண்ணூறு அடி ரோட்டிலும் நான் வெறும் மாவ்ஷி! இதெல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் அந்தப் பதிலாக வெளியே வந்தது.

பெர்சி என்னைப் பார்த்தாள். அழவில்லை. நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. மெதுவாக உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். நான் கோடு இழுத்ததைப் பார்த்தவர்கள், அந்தக் கோட்டில் ஓடியவர்கள். "போன தடவ போனாரு" என்று கேட்டவனும் இருந்தான். ஒருவரும் மூச்சு விடவில்லை. டீச்சர் சொன்னால் அதுதான் சரி என்று இருந்துவிட்டார்கள். அன்றைக்கு நான் அவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தேன் என்று யோசித்தால்... வேண்டாம்.

போதகர் வேதத்தைத் திறந்து அந்தப் பகுதியை வாசித்தார். பவுல் லீஸ்திராவுக்குத் திரும்பி வந்தார் என்று அதில் தெளிவாக இருந்தது. காயப்படுத்தின இடத்துக்கே அன்போடு திரும்பிப் போவதுதான் விசுவாசம் என்று பிரசங்கித்தார். லீலாவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள்.

அந்த வாரமே அம்பர்நாத் போய்விட்டாள். பெர்சியையும் கூட்டிக்கொண்டு.

அப்போது நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகுதான் உறைத்தது. ஒருநாள் சயான் பாலத்தின்மேல் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நடக்கும்போது பளிச்சென்று வந்தது. பவுல் திரும்பிப் போனார்தான். ஆனால் தனியாகவா போனார்? கூட்டு ஊழியரான பர்னபா கூட இருந்தார். கல்லெறிந்தவன் வீட்டில் உலை வைத்துக் குடித்தனம் நடத்தவா போனார்? அங்கே இருந்த விசுவாசிகளைப் பார்த்துத் தேற்றிவிட்டுப் புறப்பட்டு வந்துவிட்டார்! உண்மையையே சொல்லி அந்தப் பெண்ணை நிறுத்தியிருக்கலாமே... பொய்யே தேவைப்பட்டிருக்காதே! பாலத்தின் நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள்.

அப்படியானால் பொய்க்காக வருந்துகிறாயா என்று மடக்குகிறீர்கள். இல்லை! அந்த நேரத்துக்கு என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். மடங்கிய கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு வேதவியாக்கியானம் பண்ண எனக்குத் தெரியாது. பொய் சொன்ன வாய்க்காக நான் வெட்கப்படவில்லை. "நான் ஒழுங்காத்தான் சொன்னேன்" என்ற வாய்... அதைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

ஒருநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு அம்பர்நாத் வண்டியில் ஏறினேன். லீலாவைப் பார்த்து நடந்ததைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். தாணே ஸ்டேஷன் போயிற்று. கல்யாண் வந்தது. இறங்கிவிட்டேன். பிளாட்பாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். துணிச்சல்காரி என்று என்னை நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் முடிந்தபோது லீலா திரும்பி வந்தாள். பெர்சியும்தான். இந்த முறை சமாதானம் பேச ஒருவரும் வரவில்லை. அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் போலீஸில் எழுதிக்கொடுத்தான். கேஸ் நடக்கிறது. போதகர் மாற்றலாகிப் போயிருந்தார்.

ஒரு சாயங்காலம் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். பாயை விரித்தேன். லீலா உட்காரும்போதே, "டீச்சர், இந்தப் பக்கமா வந்து பேசுங்க. அந்தக் காது கேக்காது" என்றாள். சும்மா, விலாசம் சொல்வதுபோல் சொன்னாள்.

பெர்சி உள்ளே வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். உயரமாகியிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு மட்டும் மனச அரிச்சுக்கிட்டே கெடக்கு" என்றாள் லீலா. "அன்னைக்குக் கோயில்ல இவ பொய் சொல்லி எம்மானத்த வாங்கிட்டான்னு, வீட்டுக்குப் போயி வெளக்கமாறு பிஞ்சு போற மட்டும் அடிச்சேன். யாருட்டி சொல்லிக்குடுத்தா, யாருட்டி சொல்லிக்குடுத்தான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். வாயத் தொறக்கவே இல்ல டீச்சர்!"

நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"இப்ப நெனச்சுப் பாக்கேன். அவ சொன்னத கேட்டு நான் போகாம இருந்திருந்தா இந்தக் காது இருந்திருக்கும்லா? ஆனாலும் வேதத்துல பொய் பேசலாமா டீச்சர்? எங்கேருந்துதான் அந்தப் பேச்சு இவ வாயில வந்திச்சோ... எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல."

கேட்டுவிட்டு, கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள்.

இதோ, தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல் சந்தர்ப்பம்! நான்தான் லீலா, நான்தான் சொல்லிக்கொடுத்தேன், உன் பிள்ளை பொய் சொல்லவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்...

"மம்மி, சலோ. லேட் ஆவுது" என்றாள் பெர்சி வாசலிலிருந்து.

என்னைக் காப்பாற்றினாளா? எனக்கு வாய்ப்பே தராமல் தண்டித்தாளா? இல்லை, உண்மையிலேயே லேட் ஆகியிருந்ததா? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன் என்பதுதான் நிச்சயம்.

லீலா எழுந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொய் பேசுற புள்ளன்னு இவளத் தள்ளிராதிய டீச்சர். மறுபடியும் கிளாஸ்ல சேத்துக்கிடுங்க. நல்லதனமா ரெண்டு புத்தி சொல்லுங்க."

"சரி, அனுப்பு" என்றேன்.

சரி என்றேன்! கேட்டீர்களா? புத்தி சொல்ல ஒத்துக்கொண்டேன்!

பெர்சி இப்போதும் என் வகுப்புக்கு வருகிறாள். கடைசியில் உட்காருகிறாள். டிக்கெட் கேட்டால் வசனத்தைப் பிழையில்லாமல் சொல்கிறாள். ஒருநாள் எல்லாரும் போன பிறகு தரையைத் துடைக்க எனக்கு உதவிக்கொண்டிருந்தாள். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, "பெர்சி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ரெஹ்னே தோ டீச்சர்" என்றாள். போகட்டும், விடுங்கள் என்று. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மிச்சக் கோட்டையும் அவளே துடைத்தாள்.

விட்டுவிட்டேன். அவள் விடச் சொன்னதால் விட்டேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம். நம்புவீர்களா? நானே நம்பவில்லை.

பொய்க்கு அஞ்சாதவள் என்று தொடக்கத்திலேயே மார்தட்டினேன். இப்போதும் தட்டுகிறேன். அந்தக் கோட்டை இழுத்ததற்காக என்னை எந்தச் சபையில் வேண்டுமானாலும் நிறுத்துங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டுப் போக முடியாது.

லீலா படித்தது முனிசிபாலிட்டி இந்திப் பள்ளிக்கூடத்தில். பெர்சி படிப்பது இங்கிலீஷ் மீடியம். வாய் நிறையத் தமிழ் பேசுவார்கள். தமிழ் எழுத்து ஒன்றுகூட இருவருக்கும் தெரியாது. எனக்கு இந்தி சரளமாக எழுத வரும். கடையில் தினமும் எழுதுகிறேன்.

இதை நான் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். ஏன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை... கேளுங்கள்!